நல்ல வலி

ஊசியை எடுத்துவிட்டு, கணவரின் வயிற்றில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவள் முகம் தெளிந்தது.

"புருஷனுக்கு வலிக்குதுன்னா சந்தோஷப்படுற பொண்டாட்டிய இப்பத்தான் பாக்குறேன்," என்றார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எலும்பு மஜ்ஜை பழுதாகி, வெள்ளை அணுக்கள் சரிவர உருவாகாமல் போனதிலிருந்து வேலைக்குப் போகவில்லை. சாதாரண சளியே ஆளைச் சாய்த்துவிடும் என்று பயந்து, மகள்கூடக் கைக்குழந்தையை ஜன்னலுக்கு வெளியே நின்று காட்டிவிட்டுப் போய்விடுவாள். அணுக்களைப் பெருக்கும் வளர்ச்சிக் காரணி மருந்தை வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ், மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கினால் இடுப்பும் முதுகும் வலிக்கும், அது நல்ல வலி என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த ரத்தப் பரிசோதனைகளில் எண்ணிக்கை நகரவே இல்லை. மனைவி அசரவில்லை. பரிசோதனை தப்பாகப் போகலாம், எலும்பு பொய் சொல்லுமா? முனகல் கேட்ட இரவுகளில் அவருடைய முதுகைத் தேய்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மஜ்ஜையை எடுத்துச் சோதித்த முடிவைச் சொல்ல டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார்.

"மருந்து, அணுக்களை வளரச் சொல்லுது. அதைப் பிடிச்சுக்க அணுக்கள் மேல ஏற்பிகள்னு இருக்கணும். இவருக்கு அது ரொம்பக் குறைவு. மருந்து போகுது, ஆனா எதுவும் நடக்கல. ஊசிய நிறுத்திடலாம்."

ஆனால் தினமும் வலிக்கிறதே என்று அவள் விடாமல் சொன்னாள். இடுப்பில், முதுகில், சில நாள் தொடையெலும்பில்கூட. டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அவரோ தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு சிகிச்சை உண்டா என்று அவள்தான் கேட்டாள். யோசிப்போம் என்ற டாக்டரின் குரலில் பிடிப்பில்லை.

இருவரும் வீடு வந்தார்கள். வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த ஊசிகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு ஆத்திரம் பொங்கியது. தன்னை என்ன பைத்தியக்காரி என்று நினைத்துவிட்டாரா, இல்லாத வலிக்கா கை வலிக்க வலிக்கத் தேய்த்தது என்று கத்தினாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"முதல் தடவ வலிக்கலன்னு சொன்னப்போ உன் மூஞ்சி போன போக்கு எனக்குத்தான் தெரியும். மறுநாள் வலிக்குதுன்னேன். நீ ரெண்டு வாய் ஒழுங்கா சாப்பிட்டே. அப்புறம் எப்படி நிறுத்துறது?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முதுகில் கை வைத்தாள்.

"இப்பவாவது நிஜத்தைச் சொல்லுங்க. எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலம்மா," என்றார். "பயமா இருக்கு."

மாடியில் மழைத்துளிகள் விழத் தொடங்கின. கொடியில் காய்ந்த துணிகள் ஒவ்வொன்றாகக் கனத்துத் தாழ்ந்தன. எடுக்கப் போக இருவருமே எழவில்லை.