இடப்பக்கத்துக் குரல்

கியூபாவில் ஒரு சர்க்கரை ஆலையை மூடியபோது, அங்கே கரும்பு இழுத்துக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் ஒன்று கப்பலேறி, லாரியேறி, கடைசியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரிக்கு வந்து சேர்ந்தது. குறுகிய தண்டவாள ரயில் என்றால் சோறு தண்ணி மறந்துபோகும் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. வார நாட்களில் அவர்கள் பல் வைத்தியர், வரிக் கணக்காளர், பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீஸ் அப்பிய கைகளோடு குட்டிப் பெட்டிகளில் சனங்களை ஏற்றி, குவாரியைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்தச் சங்கத்தில் இருந்த ஒரே தமிழ்ச் சோடி சிற்றம்பலமும் சுந்தரேஸ்வரியும்.

சிற்றம்பலம் ஒரு பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டிகளைத் திருத்தி ஓய்வு பெற்றவர். வேலையில்லாத ஆம்பிளை பகலெல்லாம் வீட்டில் இருந்தால் வீடு வீடாக இராது என்று சுந்தரேஸ்வரிதான் அவரைச் சங்கத்துக்குத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்ட கையோடு தானும் போய் மாட்டிக்கொண்டாள்.

மாட்டவைத்தது அந்த எஞ்சின்தான். அதற்கு முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் ஓட்டுநர் கூடு. ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருப்பார். மூக்கு மறைப்பதால் இடப்பக்கத் தண்டவாளம் அவருக்குத் தெரியவே தெரியாது. கியூபாவில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள்ளிருந்து மாட்டு வண்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே வந்துவிடுமாம். அதனால் இடப்பக்க யன்னலில் இன்னொருவர் தலையை நீட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு கடவையிலும் கத்திச் சொல்வார். ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். குரல் வராவிட்டால் கேள்வி கேட்காமல் வண்டியை நிறுத்த வேண்டும். எஞ்சினோடு கூட வந்து சில நாள் தங்கிப்போன ஆலைக்காரர் ஒருவர், அவரவர் பிறந்த மொழியிலேயே கத்துங்கள், பயத்தில் வேறு மொழி வாயில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். ஓட்டங்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த லாராவும் சரி என்றுவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் குவாரிக்குள் தமிழ் முழங்கியது.

"இடப்பக்கம் ஒண்டுமில்லை," என்று சுந்தரேஸ்வரி கத்துவாள்.

"ஒண்டுமில்லை," என்பார் சிற்றம்பலம்.

தான் சொன்னதை மறுபேச்சில்லாமல் திருப்பிச் சொல்கிற கணவனைக் கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் அங்கேதான் கண்டாள். ஒருமுறை தும்மல் வந்து அவள் குரல் விடுபட்டுப் போனது. மனிதர் போட்ட பிரேக்கில் பெட்டிகளில் இருந்தவர்களின் கோப்பியெல்லாம் மடியில் கொட்டியது. "தும்மல் வந்தாலும் சத்தம் வரவேணும் காணும்," என்று எல்லோர் முன்னாலும் ஏசினார். அன்று பின்னேரம் முழுக்க அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான்.

இந்த மாசி மாதம் ஒரு காலையில் சிற்றம்பலம் தலை பாரமாக இருக்கிறது என்று படுத்தார். மத்தியானம் வரை எழும்பவில்லை. பின்னேரம் எழும்பித் தேத்தண்ணி கேட்டார், செய்தி பார்த்தார், சளி பிடிச்சுத் தடிமன் வரப்போகுது என்றார். டொக்டரிடம் போவோம் என்றதற்கு, தடிமனுக்கு ஆரும் டொக்டரிட்டைப் போவினமோ என்று சிரித்தார். அதோடு அது முடிந்தது என்றுதான் சுந்தரேஸ்வரியும் நினைத்தாள்.

பிறகு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு மிஞ்சத் தொடங்கியது. கோடு கீறினதுபோல வலது பாதியை வழித்துத் தின்றுவிட்டு, இடது பாதியை அப்படியே விட்டு எழும்புவார். கறி காணாது என்று குறையும் சொல்வார். கறி இடப்பக்கத்தில் கிடக்கும். கதவு நிலையில் இடது தோள் இடிபடும். இந்த வீட்டுக் கதவெல்லாம் ஒடுக்கம் என்பார். அவருக்கு இடப்பக்கம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. உலகம் முழுசாக இருக்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் சுந்தரேஸ்வரி. தலைக்குள் ரத்தம் அடைத்தால் இப்படி வரும் என்று அவளுக்கு விளங்காமல் இல்லை. நல்லாக விளங்கியது. விளங்கியபிறகு அவள் செய்த காரியம், கண் டொக்டருக்குப் போன் எடுத்து, ஐப்பசி மாதத்துக்குத் தள்ளி டெர்மின், பார்க்க வர ஒரு நாள், கேட்டதுதான். இந்த நாட்டில் டெர்மின் கேட்டால் எப்படியும் பிந்தித்தான் தருவார்கள். கேட்டு வாங்கிப் பிந்தவைத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஐப்பசியோடு ரயில் ஓடும் காலம் முடிந்துவிடும். அதுவரை மனிதர் ஓட்டட்டும். சனிக்கிழமை காலையில் நீலக் களிசானை அயர்ன் பண்ணும்போது அந்த முகத்தில் வரும் வெளிச்சத்தை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது அன்பு. அதைச் சொல்லி அவர் முகம் செத்துப்போவதைப் பார்க்கப் பயம் என்பதும் உண்மை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவள் போகவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவர் பார்க்காத நேரம் கோப்பையைத் திருப்பி வைத்தாள். எஞ்சினில் கூடக் கூடக் கத்தினாள். இடப்பக்கம் மட்டும் பார்த்தவள், முன்னுக்கும் பார்த்தாள். "முன்னால சிவப்புக்கொடி." "கம்பத்தடியில ஆக்கள் நிக்கினம்." "நாய் ஒண்டு வருது, மெல்லப் போங்கோ." அவர் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். தமிழ் தெரியாத சங்கத்துக்கு அது பாட்டுப் போல இருந்திருக்கும். பழைய முறையை இவர்கள் இருவர்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று லாரா மற்றவர்களிடம் சொல்லிக் காட்டினாள்.

போன ஞாயிறு லாரா தன் பள்ளிக்கூடத்து வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோரோடு அழைத்து வந்திருந்தாள். பெட்டிகள் நிரம்பி வழிந்தன. நடைபாதை ரயில் பாதையை வெட்டும் இடத்தில், ஐஸ்கிரீமும் கையுமாக ஒரு சின்னப் பெண்பிள்ளை இடப்பக்கத்திலிருந்து தண்டவாளத்துக்கு ஓடிவந்தது. சுந்தரேஸ்வரி அந்த நேரம் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்ததில், தான் பார்க்க வேண்டியதைப் பிந்தித்தான் கண்டாள். "பிள்ளை!" என்று அலறினாள். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் வண்டி நின்றது. தகப்பன் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினான். பெட்டிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். லாரா வந்து இருவரையும் கட்டிப்பிடித்தாள்.

"நல்லாப் பிடிச்சன் என்ன, பிரேக்கை?" என்று வீட்டுக்கு வரும் வழியில் சிற்றம்பலம் கேட்டார்.

"ஓம்," என்றாள் அவள். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் காரை ஓட்டினாள்.

அந்தக் கிழமை முழுக்க யோசித்தாள். கடைசியில் தனக்குள் ஒரு சோதனை வைத்தாள். சனிக்கிழமை வெறும் பெட்டிகளோடு குவாரியின் மறு அந்தத்துக்குப் போய்ச் சல்லிக்கல் ஏற்றி வரவேண்டும். சனம் இராது. அன்றைக்கு ஒரு வளைவில் அவள் வாயே திறக்கமாட்டாள். முறைப்படி அவர் நிறுத்தினால், அவருக்கு இன்னும் கவனம் இருக்கிறது, அவள் கண்ணும் அவர் கையும் சேர்ந்து ஐப்பசி வரைக்கும் ஓட்டலாம். நிறுத்தாவிட்டால் லாராவிடம் சொல்லிவிடுவது.

சனிக்கிழமை எல்லோருக்கும் முந்தி அவள் நடந்துபோய், வெள்ளைக் கம்பம் நட்ட வளைவுக்கு அப்பால் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி ஒன்றை இடப்பக்கத் தண்டவாளத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள். வலப்பக்கம் இருக்கிற எவருக்கும் அது தெரியாது. அவள் பக்கத்திலும் அவசரத்துக்கு ஒரு பிரேக் கைப்பிடி உண்டு. அதை நம்பித்தான் வைத்தாள்.

எஞ்சின் உறுமிக்கொண்டு வெளிக்கிட்டது. எஞ்சின் கொட்டிலைத் தாண்டும்போது, "இடப்பக்கம் ஒண்டுமில்லை," என்றாள்.

"ஒண்டுமில்லை."

நடைபாதைக் கடவையில் மறுபடி சொன்னாள். அவரும் மறுபடி சொன்னார். வெயில் நல்லாக எறித்தது. சிற்றம்பலம் மெல்ல எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார்.

வெள்ளைக் கம்பம் வந்தது. சுந்தரேஸ்வரி உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஒரு கையால் பிரேக் கைப்பிடியைப் பிடித்தாள். நிப்பாட்டுங்கோ, ஏசுங்கோ, எல்லாருக்கும் முன்னால ஏசுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினாள். கம்பம் பின்னால் போனது. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"ஒண்டுமில்லை," என்றார் சிற்றம்பலம்.

எப்போதும் போல, சாதாரணமாக, தெளிவாகச் சொன்னார். அவள் கொடுக்காத குரலுக்கு அவர் பதில் கொடுத்துவிட்டார்.  அவள் கைப்பிடியை இழுத்தாள். பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிறீச்சிட்டு நின்றன.

"என்ன காணும்? ஏன் இழுத்தனீர்?"

"நான் கத்தேல்லை."

"கத்தினீர். நான் கேட்டனான்தானே."

"இல்லை. நான் வாயே திறக்கேல்லை."

அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அவர் இறங்கி, எஞ்சினின் முன்பக்கமாக நடந்து வந்தார். தள்ளுவண்டி பட்டப்பகலில் அவருக்கு முன்னால் கிடந்தது. அவர் நேரே அதை நோக்கி நடந்தார். இடது முழங்கால் அதில் போய் இடித்தது. குனிந்து கையால் தடவினார். பிறகு முகத்தை முழுதாகத் திருப்பி அதைப் பார்த்தார்.

"இது எங்கையிருந்து வந்தது?"

"காலமை நான்தான் வைச்சனான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாசி மாதத்துத் தலைப்பாரம், கோப்பையைத் திருப்பி வைத்தது, ஐப்பசிக்கு டெர்மின் எடுத்தது. அவர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை ஆட்டிக்கொண்டு மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தார். கை மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் அவர் கண் அதைப் பிடித்தது. இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்து பார்த்தார். 

"போன ஞாயிறு," என்றார். "அந்தப் பிள்ளை."

அவள் தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சுகொண்டே பிள்ளையளை ஏத்தினீரோ?"

"உங்களுக்காகத்தான். இது இல்லாட்டி நீங்கள் என்ன செய்வீங்கள் எண்டுதான்."

"எனக்குத் தெரியாது சுந்தரி," என்றார். "உமக்குத் தெரியும்."

அவர் கோபித்திருந்தால், கத்தியிருந்தால், அவளும் ஏதாவது கத்தியிருப்பாள். அவர் சொன்னது அவ்வளவுதான். இத்தனை மாதமாக அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் செய்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் வேறொன்றாகிப் போனது.

வண்டி நின்ற சத்தம் கேட்டு லாரா கொட்டிலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். சிற்றம்பலம் ஜேர்மனில், தனக்கு இடப்பக்கம் கண் தெரியவில்லை, இனி ஓட்டமாட்டேன் என்றார். லாராவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, எதற்கும் கவலைப்படாதீர்கள், நம்முடைய மற்ற ஓட்டுநர் ஜூலியன் ஓட்டட்டும், உங்கள் மனைவி இடப்பக்கம் இருந்தால் எங்களுக்குப் பயமேயில்லை என்றாள்.

"இல்லை," என்றார் சிற்றம்பலம். "இவவையும் ஏத்தாதேங்கோ." அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஜேர்மனிலும் சொன்னார்.

லாரா ஏன் என்று கேட்டாள். அவர் சுந்தரேஸ்வரியைப் பார்த்தார். சொல்ல வேண்டியது அவள். அவளுக்கும் அது விளங்கியது.

"எனக்கு மாசியிலேயே தெரியும்," என்றாள் அவள் ஜேர்மனில். "போன ஞாயிறும் தெரியும்."

லாரா அவருடைய தோளிலிருந்து கையை எடுத்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் முகத்தில் வந்துபோவதைச் சுந்தரேஸ்வரி பார்த்தாள். ஏதாவது ஏசுவாள் என்று காத்திருந்தாள். லாரா ஏசவில்லை. குனிந்து, தண்டவாளத்தில் கவிழ்ந்து கிடந்த தள்ளுவண்டியை நிமிர்த்தத் தொடங்கினாள். பாரமான வண்டி. கவிழ்க்க ஒருத்தி போதும், நிமிர்த்த ஒருத்தியால் ஏலாது. சுந்தரேஸ்வரி ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

"கையை எடுங்கள்," என்றாள் லாரா.