பன்னுவுக்கு ஒரு நெஞ்சுப் பட்டை

மில்லில் நூற்பு மாஸ்டராக இருந்தவர் பம்பாய்க்கு மாற்றலாகிப் போனபோது, தன் நாயை ஃபிட்டர் கோவிந்தராஜுலுவிடம் விட்டுவிட்டுப் போனார். முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். மூக்கு முகத்துக்குள் அமுங்கிக் கிடந்தது. உருண்டையாக, பழுப்பாக இருந்ததால் கோவிந்தராஜுலுவின் மனைவி வெங்கடலட்சுமி அதைப் பன்னு என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே மகளை உடுமலையில் கட்டிக்கொடுத்துவிட்டு, பீளமேட்டு வீடு வெறிச்சென்று இருந்த சமயம் அது.

பன்னு மூச்சுவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தூங்கினால் குறட்டை. கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி நடத்தினால் வாத்து கத்துவதுபோல் இருமல். “இந்த ஜாதி நாய் அப்படித்தான்” என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால் இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் வெங்கடலட்சுமி கடைக்குப் போனபோது பன்னுவும் கூடப் போனது. திரும்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ரோட்டிலேயே கால் மடங்கி விழுந்தது நாய். நாக்கு நாவல்பழம் தின்றதுபோல் நீலம் பூத்திருந்தது.

“வாயில தண்ணிய ஊத்துங்கம்மா” என்றார் சைக்கிளில் போன ஒருவர்.

“மூச்சே போகாத வாயில தண்ணி எப்படீங்க போகும்?” என்றாள் அவள். கழுத்துப் பட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினாள். வேப்பமர நிழலில் கிடத்தி, வயிற்றிலும் காலிலும் தண்ணீரை விட்டு, முந்தானையால் விசிறினாள். நாக்கு மெல்லச் சிவந்தது. பன்னு தலையைத் தூக்கி அவள் கையை நக்கியது.

மறுநாள் கோவிந்தராஜுலு லீவு போட்டார். இருவரும் நாயைக் கூடையில் வைத்துக் கோயமுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தம்பிதுரை வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

“மூக்கு ஓட்டை சின்னதுங்க. தொண்டையிலயும் சதை ஜாஸ்தி. நாம பப்பாளித் தண்டு வழியா மூச்சு விட்டா எப்படி இருக்கும், அதுதான் இதோட பொழப்பு. பொறவிக்கோளாறு, மாத்த முடியாதுங்க. ஆனா பக்குவமா வெச்சுக்கிட்டா நல்லா இருக்கும். கழுத்துல எதையும் கட்டாதீங்க, நெஞ்சோட கட்டுங்க. வெயில் ஆகாது, புகை ஆகாது. முக்கியமா, ஒடம்பு எளைக்கோணும்.”

அப்படியே தையல்காரர் நாகூர் மீரானிடம் போனார்கள். அவர் சிரிக்கவில்லை. நாடாவை எடுத்து, வேறு எந்த வாடிக்கையாளருக்கும் எடுப்பதுபோல் பன்னுவின் நெஞ்சளவை எடுத்தார். பன்னுவும் அசையாமல் நின்றது.

“கொஞ்சம் லூசா வெக்கட்டுங்களா? வளர்ற புள்ளதானுங்க?”

“எளைக்கப்போற புள்ளைங்க” என்றாள் வெங்கடலட்சுமி. “பிடிச்சுத் தைக்கற மாதிரி வெச்சுக்கங்க.”

கித்தான் துணியில் பட்டை தயாரானது. இருமல் பாதி குறைந்தது. அடுத்ததாகக் கோவிந்தராஜுலுவின் பீடி வாசலுக்கு வெளியே போனது. மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று குடித்தார். “நாய்க்குப் பயந்துட்டா வெளிய நிக்கறீங்க?” என்று கேட்டவர்களிடம், “ஆமாங்க, நாய்க்குத்தான்” என்று சொல்லி, ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

எல்லாம் சரி, உடம்புதான் இளைக்கவில்லை. வெங்கடலட்சுமி சோற்றைக் குறைத்தாள், நெய்யை நிறுத்தினாள். பன்னு பன்னாகவே இருந்தது.

ஒரு நாள் கோவிந்தராஜுலுவுக்கு ஷிப்ட் மாறியதால், சாயங்காலம் அவளே நாயைக் கூட்டிப்போனாள். பேக்கரி வாசல் வந்ததும் பன்னு உட்கார்ந்துவிட்டது. இழுத்தும் வரவில்லை.

கடைக்காரர் எட்டிப்பார்த்தார். “ஏனுங்கம்மா, இன்னைக்கு அவர் வரலீங்களா? வர்க்கி பிஸ்கட்டு எடுத்து வெச்சிருக்கேனுங்க.”

ராத்திரிச் சோறு போடும்போது அவள் கேட்டாள். “வர்க்கி நல்லா இருக்குதுங்களா?”

அவர் தட்டைப் பார்த்தார். “பாதிதான் குடுப்பேன் அம்மிணி.”

“மீதிப் பாதி?”

“நான்தான். அது ஒண்டியாத் தின்னா சங்கடப்படுமல்ல.”

கோபமாக இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. அடுத்த நாளிலிருந்து பேக்கரி இல்லாத பக்கமாக, வெயிலுக்கு முன்னே சோளக்காட்டு வழியில், மூவரும் சேர்ந்தே நடந்தார்கள். ஆடிக்காற்று அடிப்பதற்குள் நாகூர் மீரான் பட்டையை ஒரு தரம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. கோவிந்தராஜுலுவின் வேட்டிகூடக் கொஞ்சம் தளர்ந்துபோனது.

ஆவணியில் தொண்டாமுத்தூரில் இருக்கும் அவள் தம்பி சீனிவாசலுவின் தோப்புக்குப் போனார்கள். அவிழ்த்துவிட்டதும் பன்னு ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு தென்னைமரங்களுக்கு நடுவே ஓடியது. இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பன்னு தானாகவே நின்றது. வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் வயிற்றை வைத்துப் படுத்து மூச்சு வாங்கியது. வெங்கடலட்சுமி போய்க் குனிந்து நாக்கைப் பார்த்தாள். ரோஜா நிறம்.

“நாயாட்டமே தெரியலீங்களே மச்சான்” என்றான் சீனிவாசலு.

“கோழிக்குத் தெரியுதல்ல” என்றார் கோவிந்தராஜுலு.

மூச்சு நிதானப்பட்டதும் பன்னு எழுந்து உதறிக்கொண்டு மறுபடியும் கோழியிருக்கும் பக்கம் பார்த்தது. வெங்கடலட்சுமி கூப்பிடவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.