செத்த வங்கிக்கு ஒரு வக்கீல்

1

லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் சிரிக்கக் கூடாது. ஒரு வழக்கில் நான் அடக்கிக்கொண்ட சிரிப்புதான் இந்தக் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திரியெஸ்தே துறைமுகத்தில் கடற்காற்று வீசிய ஒரு மாலையில்...’

(வேண்டாம். வங்கிக் கதையில் காற்றுக்கு என்ன வேலை?)

சரி. ஃபுல்வியா கொசுத்தா அந்த இத்தாலிய ஊரில் மீனவர்களுக்கென்று ஒரு குட்டி வங்கி நடத்திவந்தார். மூலதனம் போதவில்லை என்று ஐரோப்பிய வங்கி மேற்பார்வையாளர்கள் உரிமத்தைப் பறித்து மூடினார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2

மூடிய வங்கியைப் பிரித்து விற்க பிராந்தி என்பவரை அவர்களே நியமித்தார்கள். (சிரிக்காதீர்கள். இத்தாலியில் அது கௌரவமான பெயர்.) வந்ததும் வங்கியின் வக்கீலை நீக்கிவிட்டு ஃபுல்வியாவிடம் கேட்டார்:

“செத்த வங்கிக்கு வக்கீல் எதுக்கு, சிஞோரா?”

“கொன்னவங்க அனுப்பின ஆளு நீங்க. அவங்க மேல நீங்களா கேஸ் போடப்போறீங்க?”

“நான் அடக்கம் பண்ண வந்தவன்.”

“அப்ப கொஞ்சம் பொறுங்க. பொணம் கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துரட்டும்.”

(பிராந்தியை வில்லனாக்க நினைத்தேன். ஆனால் நீதிமன்ற உணவகத்தில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்ட மனிதர். ஆகவே

விடுங்கள்.)

3

கொன்றவர் தரப்பு ஆளை நம்பிப் பிணம் வழக்காட முடியாது, பழைய நிர்வாகமே வழக்காடலாம் என்றார்கள் நீதிபதிகள். உரிமத்தைப் பறிக்கும் முன் வங்கி சொல்வதை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும், ஆகவே உத்தரவு செல்லாது என்றும் சொன்னார்கள்.

வாசலில் ஃபுல்வியா பிராந்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிராந்தியும் அழுதார், வேலை போனதற்கு.

(இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் மேற்பார்வையாளர்கள் தீர்ப்பைப் படித்துத் திருந்திவிட்டார்கள்.)

4

பிராங்க்ஃபர்ட்டிலுள்ள மேற்பார்வையாளர் அலுவலகத்திலிருந்து ஃபுல்வியாவுக்கு அழைப்பு வந்தது. மொழிபெயர்க்க நானும் போனேன். அதிகாரி ஹோல்ஷர் காப்பி கொடுத்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்:

“உங்க வங்கிய மறுபடியும் மூடலாம்னு இருக்கோம், சிஞோரா. இந்தத் தடவ முன்னாடியே கேக்குறோம். ஏதாவது சொல்லணுமா?”

“எவ்வளவு நேரம் பேசலாம்?”

ஹோல்ஷர் தீர்ப்பைப் புரட்டினார். முகம் வாடியது. “நேரம் எதுவும் போடலையே...”

ஃபுல்வியா கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். “மொதல்ல எங்க வங்கிக் கதவப் பத்திச் சொல்றேன். அந்தக் கதவு இருக்கே...”

5

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். கதவு முடிந்து, கணக்கு வைத்திருக்கும் மீனவர்கள் முடிந்து, இப்போது அவர்களுடைய மாமியார்கள். பேச்சு நின்றால் வங்கி மூடப்படும். ஹோல்ஷர் பசியோடு தலையாட்டுகிறார். கொட்டாவி விட்டால்கூட இன்னொரு வழக்கு வரும் என்று பயம். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஐயோ, மாமியார்களும் தீர்ந்துவிட்டார்கள். ஃபுல்வியா தண்ணீர் குடிக்கிறார். ஹோல்ஷர் பேனாவை எடுக்கிறார்.

வாசகரே, சட்டென்று ஃபுல்வியாவிடம் ஏதாவது கேளுங்கள். எதுவானாலும் சரி, நான் மொழிபெயர்க்கிறேன்.