பின்பலகைக்கு அந்தப் பக்கம்

1

லாரி, கார் இருக்கைகள் தைக்கும் ஒரு பெண் எனக்குச் சொன்னது இது. தன் மாமனாரின் பழைய லாரியைப் பற்றிச் சொன்னாள். பாதி அவள் சொன்னது, மீதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘துருவின் வாசனை ஒரு முதியவரின் நினைவைப் போல…’

வேண்டாம். லாரியை லாரியாகவே விடுவோம்.

பழைய வண்டிகளை உடைக்கும் இடத்திலிருந்து மாமனார் அதை வாங்கி வந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. யானையைக் கட்டித் தீனி போடுகிறார் என்று மகன் கேலி செய்வான். இந்த வருடம் திடீரென்று மருமகளிடம் வந்து, கேபினுக்கு உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் போட்டுக் கொடு என்றார்.

கூரை ரெக்சினை உரித்தாள். கதவுகளை உரித்தாள். மக்கிய பஞ்சு தலையெல்லாம் கொட்டியது. இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையின் ஆணிகளைப் பிடுங்கினால், அதற்குப் பின்னால் தகரம் இல்லை. ஆள் ஒடுங்கி நிற்கும் அளவுக்கு ஓர் இடுக்கு.

பலகையைத் திருப்பினாள். உள்பக்கம் முழுக்க நகக்கீறல்கள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். கீழே இருந்தவை சட்டென்று நின்றுபோயிருந்தன.



3

(இங்கே அவள் மாமனாரைச் சந்தேகிக்கிறாள். எழுதவே எனக்குக் கூசியது. எறும்பை மிதிக்காமல் நடக்கிற மனிதர். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்தால் யாருக்குத்தான் தோன்றாது?)

அவர் வந்து நின்றதும் கேட்டேவிட்டாள்.

“இதுக்குள்ள யாரை மாமா அடைச்சு வச்சீங்க?”

அவர் கோபப்படவில்லை. பலகையைத் தொட வந்த கை பாதியில் நின்றது.

“மேல இருக்கிறது என்னோடதும்மா. கீழ இருக்கிறது அக்காவோடது.”

அவர் ஒற்றைப்பிள்ளை என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

4

அவர் சொன்னதைச் சுருக்கமாகவே தருகிறேன். அவரும் அப்படித்தான் சொன்னார். சண்டை நடந்த காலம். இந்த லாரியின் டிரைவர் அக்காவையும், அப்போது சிறுவனாக இருந்த இவரையும் அந்த இடுக்கில் ஒளித்து ஏற்றினார். சோதனைச் சாவடியில் வண்டியை வெயிலில் நிறுத்திவைத்துவிட்டார்கள். உள்ளே மூச்சு முட்டியது. இருவரும் பலகையைச் சுரண்டினார்கள். டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

“எங்க சத்தம் வெளிய கேட்டிருந்தா மூணு பேரையும் சுட்டிருப்பாங்க. அது அப்புறம்தான் புரிஞ்சுது. அப்போ மனசுக்குள்ள அவரைச் சபிச்சேன். அக்கா என்னைத் தோள்ல ஏத்தி, மேல இருந்த ஓட்டையில மூக்கை வச்சுக்கச் சொன்னா. பலகையைக் கழட்டுற வரைக்கும் அவ தோள்லதான் இருந்தேன். அவ எப்போ போனான்னு எனக்குத் தெரியாது.”

ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“சொல்லிட்டா, அவ செத்துட்டான்னு ஆயிடும்லம்மா.”

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பலகை புது ரெக்சினுக்கு அடியில் போகிறது. மற்றதில் கூடத்துச் சுவருக்கு வருகிறது. முதலாவது கோழைத்தனம், இரண்டாவது கண்காட்சி. இரண்டையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இது. சில நாள் கழித்து அவள் கணவன் கேபினுக்குள் எட்டிப்பார்த்தான். கூரையும் கதவுகளும் பளபளத்தன.

“பின்னாடி மட்டும் ஏன் அப்படியே விட்டுட்ட?”

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். சொல் என்றா, வேண்டாம் என்றா, அவளுக்கே விளங்கவில்லையாம்.

அதோடு அவள் எனக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். நானும் புனையப்போவதில்லை. தனக்கு ஓர் அத்தை இருந்தாள் என்று தெரியாமல் அவன் நிற்கிறான். உங்களுக்குத் தெரியும்.