பகலில் தெரியாத தீ

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, சோலார் பலகைகளின் காலடியிலேயே எங்கள் பசுமை ஹைட்ரஜன் ஆலை. கரண்ட் பிறக்கும் இடத்திலேயே வாயுவையும் தயாரித்தால் செலவு குறைவு என்பது முதலாளிகளின் கணக்கு. சுத்திகரித்த கடல்நீரை மின்சாரத்தால் பிரிப்போம், வாயு வரும். அங்கே பாலகுருவாகிய நான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். பதவிக்குத் தோதாக மீசையும் வளர்த்திருந்தேன்.

ஆலையைப் பெரிதாக்க வேண்டும். பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாரும் பெண்கள் சம்மதித்தால் என் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர் ஜான்சன். ஊர்க்கூட்டத்தில் வெளுத்துக்கட்டினேன். "புகை இல்ல, நாத்தம் இல்ல, பயமே இல்ல!" ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன். இந்த வாயு பற்றினால் பகல் வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியாது. ஆலை ஆட்களுக்கு வாராவாரம் அதைத்தான் பாடமாக எடுக்கிறேன். எரிகிறதா என்று சந்தேகம் வந்தால் துடைப்பத்தை நீட்டிப் பாருங்கள், முகத்தை நீட்டாதீர்கள் என்று கத்துவேன். வீட்டில் அதை ஒத்திகை பார்க்கும்போது என் மனைவி ரேணுகா மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். அவளும் அதே பாத்தியில் உப்பு வாருகிறவள்தான். என் பேச்சைக் காதில் வாங்குவாள் என்று நான் நினைக்கவேயில்லை.

கையெழுத்து வாங்கும் நாளில் அந்த வாயுவில் டீ போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. என் அரிய யோசனைதான். உச்சி வெயில், சுற்றிலும் நாற்பது பெண்கள். அடுப்பைத் திறந்து பற்றவைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மானம் போகிறதே என்ற பதற்றத்தில், வாத்தியாராகிய நான் குனிந்து முகத்தை நீட்டினேன்.

இடது புருவமும் பாதி மீசையும் போயின.

"தள்ளுய்யா அப்பால!" ரேணுகா உப்பு கூட்டும் துடைப்பத்தை அடுப்புக்கு நேரே நீட்டினாள். உப்பேறிய துடைப்பம் பட்டதும், வெறும் காற்றாக இருந்த இடத்தில் மஞ்சளாகத் தீ எழுந்தது. ஜான்சன் ஓடிப்போய் வால்வை மூடினார்.

"ஏம்பா, எரிஞ்சா தெரியாதுன்னு கூட்டத்துல நீ சொல்லவே இல்லியே?" என்று கேட்டாள் உப்பு வாரும் விருத்தாம்பாள்.

ஜான்சன் கண்ணைக் காட்டினார். சமாளித்திருக்கலாம். ஆனால் பாதி மீசையோடு யாரிடம் சமாளிப்பது? எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"தீ புடிச்சா எங்களுக்குத் தெரியிற மாதிரி ஒரு அலாரம் வையிங்க. அப்பால பேசலாம்" என்று எழுந்தாள் விருத்தாம்பாள். யாரும் கையெழுத்துப் போடவில்லை. என் நிரந்தர வேலையும் அவர்களோடு எழுந்து போனது.

ரேணுகா மட்டும் இருந்தாள். என் முகத்தில் மருந்து தடவினாள்.

"நீயே சொல்லுவன்னுதான் நானும் வாய மூடிக்கினு இருந்தேன்" என்றாள். "தெனம் அங்கதான நிக்கிறேன். எங்கிட்ட கூட சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

நிரந்தர வேலை கைநழுவியதற்குக் கலங்காதவன் அப்போது அழுதேன். கண்ணீர் பட்டு வெந்த இடம் காந்தியது. துடைக்கவில்லை.