ஏனோஸ் தைத்த யாக்கோபின் ஏணி

களஞ்சியக் கூரையைச் சரிசெய்து கொண்டிருந்தபோது ஏணி சறுக்கி, தச்சன் ஏனோஸ் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டான். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மலைப்பக்கத்தில் சோள அறுவடை அப்போதுதான் முடிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு படுக்கையில் கிடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். மூன்றாம் நாளே அவன் மனைவி ஓர்ஃபாவுக்குப் பொறுமை போய்விட்டது. காபி ஆறிப்போச்சு, சன்னலைத் திற, இல்லை மூடு என்று அவனுடைய ஓயாத நச்சரிப்பு.

புதுப் போதகரின் கல்யாணத்துக்காகச் சபைப் பெண்கள் ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு கட்டம் தைத்து, வியாழக்கிழமை ஓர்ஃபா வீட்டில் கூடி இணைப்பதாக ஏற்பாடு. தன் பங்குத் துணித்துண்டுகளை ஓர்ஃபா அப்படியே அவன் மடியில் கொட்டினாள்.

"வாயை மூடிக்கிட்டு இதைத் தைங்க."

"என்னது இது?"

"யாக்கோபின் ஏணி. இந்தக் கட்டத்தோட பேரு."

"ஏணியா? என்னைப் படுக்க வெச்சதே ஒரு ஏணிதான்டி!"

திட்டிக்கொண்டேதான் ஊசியை எடுத்தான். பழைய நீலச் சட்டையும் மாவு மூட்டையின் வெள்ளைத் துணியும் சிறு சிறு சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் கிடந்தன. நீலச் சதுரங்கள் மூலைக்கு மூலை படிபோல ஏறவேண்டும். முதல் நாள் விரலெல்லாம் குத்துப்பட்டது. மறுநாள் தச்சுக் கண் விழித்துக்கொண்டது. தையல் நூல் பிடித்தாற்போல ஓடியது.

வியாழக்கிழமை அடுத்த அறையில் பெண்கள் கூடினார்கள். எல்லாருக்கும் மூத்தவளான டெல்ஃபா கண்ணாடியைத் தூக்கி ஓர்ஃபாவின் கட்டத்தைப் பார்த்தாள்.

"ஓர்ஃபா, உன் ஏணியில ஒரு படி திரும்பி நிக்குதே! உனக்கா இந்தத் தப்பு வந்துச்சு?"

ஓர்ஃபா தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோத்தாள். புருஷன் ஊசி பிடித்தது தெரிந்தால் ஊரே சிரிக்குமே. கட்டிலில் கிடந்த ஏனோஸுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"அதைத் தைச்சது நான்தான் சிஸ்டர்!" என்று கத்தினான்.

அடுத்த அறையில் சிரிப்பு வெடித்தது. அவனும் விடவில்லை.

"பைபிள்ல யாக்கோபு கனவுல கண்ட ஏணியில தூதருங்க ஏறினாங்க, இறங்கவும் செஞ்சாங்க. அது இறங்குற படி!"

"தூதருங்க இறங்கினாங்க. நீ விழுந்தே!" என்றாள் டெல்ஃபா.

கட்டுப்போட்ட கால் வலிக்க வலிக்க ஏனோஸே சிரித்தான். டெல்ஃபா கத்தரிக்கோலோடு வந்து கட்டத்தை அவன் முன் வைத்தாள்.

"பொய் சொல்லமாட்டேன். தையல் என்னோடதைவிட நேரா இருக்கு. அந்த ஒரு துண்டை மட்டும் பிரிச்சுத் திருப்பித் தை."

அவன் பிரிக்க ஆரம்பித்ததும் பெண்கள் போர்வையை விரித்துக் கட்டியிருந்த தையல் சட்டத்தையே அவன் கட்டிலருகே தூக்கிவந்து போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர்க்கதை அத்தனையும் அவன் காதில் விழுந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவன் கட்டிலருகேதான் தையல்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்த டாக்டர், "வியாழக்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம்" என்றார்.

"வெள்ளிக்கிழமை போறேன் டாக்டர்," என்றான் ஏனோஸ். "வியாழக்கிழமை எனக்கு ஆள் வருது."