தலையணையிடம் சொல்லுங்கள்

தலையணைத் தொழிற்சாலையில் ஸ்டூல்களைத் தூக்கிய அதே திங்கட்கிழமைதான் மனநலப் பயிற்சிக்கான அறிவிப்பும் சுவரில் ஏறியது. நின்றுகொண்டு தைத்தால் கை வேகமாக ஓடும் என்று மேற்பார்வையாளர் எங்கேயோ படித்துவிட்டார். நாற்பது ஸ்டூல்களும் கிடங்குக்குப் போய்விட்டன. அந்த மனிதருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் முறைப்பு. அவர் முறைத்தால் ஊசியில் நூல் தானாகக் கோத்துக்கொள்ளும். நேரில் பார்த்த இரண்டு பேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

பஞ்சு அடைத்து வரும் தலையணையின் திறந்த வாயைத் தைத்து மூடுவது வாய்தையல்காரியின் வேலை. பதினேழு வருடம் உட்கார்ந்து தைத்தவள். இரண்டாம் வாரம் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மூன்றாம் வாரம் அவள் முழங்கால் போட்ட சத்தத்தில், யாரோ கதவைத் திறப்பதாக நினைத்து வாசல் காவலாளி எழுந்து சல்யூட் அடித்தார். இப்படியே இன்னும் இரண்டு மாதம் நின்றால் அப்புறம் நிற்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் போய் ஸ்டூலைக் கேட்டாள்.

"உனக்கு வேண்டியது ஸ்டூல் இல்லம்மா, மனசு," என்றார் முறைப்பு. "வியாழக்கிழமை ட்ரெயினிங். வந்து நில்லு."

பக்கத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவள் அவள் நாத்தனார். இருவரும் ஒரே வீடு, ஒரே ஷிப்டு; பகையும் இரண்டு இடத்துக்கும் ஒன்றேதான்.

"வீட்டுல உக்காந்தது போதாதா அண்ணி? இங்கயும் உக்காரணுமா?"

"வீட்டுல உக்கார்றது உங்கண்ணன்டி. ரெண்டு சோபா போயாச்சு."

வியாழக்கிழமை பயிற்சியாளர் அம்மாள் வந்தார். மெத்தை வைத்த சுழல்நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நிற்கிற நாற்பது பேருக்கும் மன அழுத்தத்தை விளக்கினார்.

"வலி முழங்கால்ல இல்ல. வலியைப் பத்தி நாம நினைக்கிறோம் பாருங்க, அந்த நினைப்புல இருக்கு."

"அப்ப அந்த நாற்காலியையும் நினைச்சுக்கிட்டாப் போதுமே மேடம்," என்றாள் வாய்தையல்காரி. "எங்களுக்குக் குடுத்துடுங்க."

சிரித்தவர்களின் பெயர்களை முறைப்பு எழுதிக்கொண்டார். சிரிக்க நினைத்தவர்களையும் சேர்த்து எழுதினார்.

பிறகு மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணி இழு, நாலு எண்ணி நிறுத்து, நாலு எண்ணி விடு. நாற்பது பேரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் பஞ்சு மூட்டை ஒன்று இரண்டடி நகர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மாள் மேலும் ஒன்று சொன்னார்.

"கோபத்தை உள்ள வச்சுப் புழுங்காதீங்க. அடுத்தவங்க மேலயும் காட்டாதீங்க. ஒரு தலையணையை எடுத்து அதுகிட்ட சொல்லிடுங்க."

வேறு எந்தத் தொழிற்சாலையில் சொல்லியிருந்தாலும் அது நல்ல யோசனைதான்.

மறுநாள் காலையிலிருந்து வாய்தையல்காரி ஒவ்வொரு தலையணையையும் மூடுவதற்கு முன் அதன் வாயருகே குனிந்து, "ஸ்டூலக் குடுடா, கட்டையில போறவனே!" என்பாள். சூடு ஆறுவதற்குள் தைத்துவிடுவாள். நாளைக்கு இருநூறு தலையணை. நாத்தனாரும் பஞ்சோடு பஞ்சாக நாலு வார்த்தை அடைத்தாள். அதில் பாதி அண்ணியைப் பற்றியது.

பஞ்சு எண்ணெயைக் குடித்தாலும் விடாது, சொல்லைக் குடித்தாலும் விடாது. தலை வைத்து அழுத்தினால் மட்டும் கக்கும்.

மூன்று வாரத்தில் புகார்கள் குவிந்தன. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, திட்டியது மற்றவர்தான் என்று ஆளுக்கொரு பக்கம் தாய்வீடு போய்விட்டது. ஒரு பல் டாக்டர் பயந்துபோய் வீடு முழுக்க ஸ்டூல் வாங்கிப் போட்டார், தலையணை சமாதானமாகவில்லை. மூன்று லாரி சரக்கு திரும்பி வந்தது.

நாலாவதாக முதலாளி வந்தார். கண்ணைச் சுற்றிக் கரி பூசியது போலிருந்தது. கொண்டுவந்த தலையணையை மேஜையில் போட்டு ஒரு குத்து விட்டார்.

"ஸ்டூலக் குடுடா, கட்டையில போறவனே!"

"யாரு குரல் இது? அவ இன்னைக்கே வெளிய போகணும்."

வாய்தையல்காரியின் இரண்டு முழங்காலும் சேர்ந்து கிரீச்சிட்டன. முறைப்பு நாத்தனாரைக் கூப்பிட்டார். "ஒரே வீட்டுல இருக்க. சொல்லு, உங்கண்ணி குரல்தானே?"

நாத்தனார் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். பதினைந்து வருடப் பாக்கி அந்தப் பார்வையில் இருந்தது.

"இல்ல சார். எங்கண்ணி குரல் இதைவிடக் கேவலமா இருக்கும்."

முதலாளி முறைப்பைப் பார்த்தார். "ட்ரெயினிங் குடுத்தா கோபம் போயிடும்னு நீதானய்யா சொன்னே? இப்பக் கோபம் தலையணைக்கு. அதுக்குக் குடு."

அடுத்த வியாழக்கிழமை தலையணைகளுக்கு மனநல வகுப்பு நடந்தது. தரையில் வைத்தால் அழுக்காகும், திரும்ப விற்க முடியாது. ஆகவே கிடங்கிலிருந்து நாற்பது ஸ்டூல்களும் வந்தன. ஸ்டூலுக்கு ஒரு தலையணை உட்கார்ந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். பயிற்சியாளர் அம்மாள் மூச்சை இழுக்கச் சொன்னார். ஒரு தலையணையும் இழுக்கவில்லை.

வாய்தையல்காரி நொண்டிக்கொண்டே முன்வரிசைக்குப் போனாள். ஒரு தலையணையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏய், எழுந்திரு!" என்று பாய்ந்து வந்தார் முறைப்பு.

அவள் நாலு எண்ணி இழுத்தாள். நாலு எண்ணி நிறுத்தினாள். நாலு எண்ணி விட்டாள்.

"எழுந்திருன்னு சொல்றேன்ல!"

"மேடம், சாருக்குக் கோபம் வருது," என்று மடியிலிருந்ததை அவர் நெஞ்சில் திணித்தாள். "இதுகிட்டச் சொல்லச் சொல்லுங்க."

"தள்ளுங்க அண்ணி, கால் இடிக்குது," என்று நாத்தனார் அடுத்த ஸ்டூலைப் பிடித்தாள். மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. முப்பத்தெட்டுத் தலையணைகள் தரைக்கு வந்தன.

முறைப்பு முறைத்தார். ஒரு ஊசியிலும் நூல் ஏறவில்லை. ஆத்திரத்தில் கையிலிருந்ததை நெரித்தார்.

"ஸ்டூலக் குடுடா, கட்டையில போறவனே!"

வாசலில் நின்ற முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். "குடுத்தாச்சுன்னு சொல்லித் தொலைய்யா! நான் தூங்கி ஒரு வாரமாச்சு."

முறைப்பு பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையிடம் குனிந்தார். "குடுத்தாச்சு."

"சத்தம் பத்தல சார்," என்றாள் வாய்தையல்காரி, உட்கார்ந்தபடியே.